அழைப்புக்கு ஓர் இலக்கம்: தொலைபேசிப் பதிவுகளை நீதிமன்றம் எவ்வளவு தூரம் நம்பலாம்?

2006ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி அதிகாலையில், இலங்கையில் ஓர் அரை மணித்தியாலம் இரண்டு தடவை வந்தது. நள்ளிரவு கடந்து 12.30 ஆனதும் நாட்டின் கடிகாரம் மீண்டும் 12.00க்குத் திருப்பப்பட்டது. 1996இல் மின்சாரத்தை மீதப்படுத்துவதற்கென்று முன்னே தள்ளி வைக்கப்பட்ட நேரம், பத்து வருடங்களுக்குப் பிறகு பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

வன்னியில் இருந்தவர்களுக்கு இது புதினமில்லை. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி அந்தப் புதிய நேரத்தை ஏற்கவேயில்லை. சமாதான காலத்தில் ஓமந்தையையோ முகமாலையையோ கடந்தவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் திருப்பி வைத்தது நினைவிருக்கும். "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்காமல் யாரும் ஒரு கலியாணத்துக்கோ கூட்டத்துக்கோ நேரம் குறித்துக்கொள்ள முடியாது.

இப்போது ஒரு கேள்வி. அந்த ஏப்ரல் இரவில், கொழும்பில் ஒருவர் 12.10க்கு ஓர் அழைப்பு எடுத்தார் என்று ஒரு பதிவு சொல்கிறது. எந்த 12.10? முதலாவதா, இரண்டாவதா? அதே இலக்கத்திலிருந்து அதே இலக்கத்துக்கு இரண்டு 12.10களிலும் ஓரளவு ஒரே நீளமான அழைப்புக்கள் போயிருந்தால், பதிவுகளைத் துப்புரவு செய்யும் மென்பொருள் ஒன்று, "இது இரட்டைப் பதிவு" என்று இரண்டாவதை அழித்துவிடலாம். அழித்ததை யாரும் கவனிக்கப் போவதில்லை.

மென்பொருள் எழுதுபவர்களின் மேசையிலேயே முடிந்துவிடுகின்ற விடயமாக இது தோன்றலாம். ஆனால், எங்கள் மக்களுடைய சில முக்கியமான வழக்குகள் தொலைபேசிப் பதிவுகளின் மேல்தான் நிற்கின்றன என்பதால் இதை எழுதவேண்டியிருக்கிறது.

பதிவுகள் பேசிய வழக்குகள்

2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் 11 இளைஞர்கள் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்ட வழக்கில், கடற்படையினர் மீது குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையைக் கொண்டு சென்றதற்குத் தொலைபேசித் தடயங்களும் ஒரு காரணம். தடுத்து வைக்கப்பட்டிருந்த இளைஞர் ஒருவர், காவலில் நின்ற கடற்படையினரின் கைத்தொலைபேசி ஊடாக வீட்டாருடன் பேசியிருந்தார். அந்த அழைப்பு வந்ததென்று தாய் சொல்வது ஒரு சாட்சியம். வந்ததென்று கம்பனியின் பதிவு சொல்வது இன்னொரு சாட்சியம். இந்த வழக்கில் முன்னாள் கடற்படைத் தளபதி மீதான குற்றச்சாட்டுக்களைத் தொடரப்போவதில்லை என்று 2021இல் சட்டமா அதிபர் தீர்மானித்தது தனிக்கதை.

2010 ஜனவரி 24ஆம் திகதி காணாமலாக்கப்பட்ட ஊடகவியலாளர் பிரகீத் எக்னெலிகொடவின் வழக்கிலும் தொலைபேசித் தரவுகள் விசாரணையாளர்களைக் கிரிதலை இராணுவ முகாம் வரை கொண்டு போயின. 2009 ஜனவரி 8ஆம் திகதி கொல்லப்பட்ட 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவின் வழக்கில், அன்று காலை அவருடைய வாகனம் போன வழியே ஐந்து கைத்தொலைபேசி இலக்கங்களும் நகர்ந்திருந்தன என்பதுதான் விசாரணையின் முதுகெலும்பு.

லசந்த வழக்கின் உள்ளே இன்னொரு துயரமும் இருக்கிறது. அந்த ஐந்து சிம் அட்டைகளும் நுவரெலியாவைச் சேர்ந்த ஒரு தமிழரின் தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் பதிவாகியிருந்தன. அவர் வாகனம் திருத்தும் தொழிலாளி. 2010இல் கைது செய்யப்பட்டு 2011இல் விளக்கமறியலில் இருக்கும்போதே இறந்துபோனார். அவருடைய அடையாள அட்டையை இராணுவப் புலனாய்வைச் சேர்ந்த ஒருவரே பயன்படுத்தியிருந்தார் என்று பிற்கால விசாரணையில் சொல்லப்பட்டது. அட்டையின் இலக்கம் சரியானதுதான். அந்த மனிதருக்கும் அழைப்புக்கும்தான் தொடர்பில்லை. 2025இன் தொடக்கத்தில், இவ்வழக்கோடு தொடர்புபட்ட சந்தேகநபர்கள் மூவரை விடுவிக்கலாம் என்று சட்டமா அதிபர் வழங்கிய ஆலோசனை, பலத்த எதிர்ப்பின் பின்னர் இடைநிறுத்தப்பட்டது. வழக்கு இன்னும் அங்கேதான் நிற்கிறது.

நாங்கள் "தொலைபேசி ஆதாரம்" என்று ஒரே சொல்லில் சொல்வதற்குள் மூன்று வேறு வேறு அடையாளங்கள் ஒளிந்திருக்கின்றன. இலக்கம் யாருடையது என்பது ஒன்று. கருவி எது என்பது மற்றொன்று. இந்தக் குறிப்பிட்ட அழைப்பு எது என்பது மூன்றாவது. முதலிரண்டைப் பற்றி வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் நிறையவே வாதாடுகிறார்கள். மூன்றாவதைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

கருவியின் அடையாளமும் உறுதியானதல்ல என்பதற்கு ஒரு சிறு உதாரணம். ஒவ்வொரு கைத்தொலைபேசிக்கும் 15 இலக்கங்கள் கொண்ட ஐஎம்இஐ எண் ஒன்று உண்டு. உலகத்தில் ஒரு கருவிக்கு ஒன்றுதான் என்பது ஏற்பாடு. 2020இல் இந்தியாவின் மீரட் நகரப் பொலிஸார், ஒரே ஐஎம்இஐ எண்ணுடன் 13,500க்கும் அதிகமான கைத்தொலைபேசிகள் இயங்குவதைக் கண்டு வழக்குப் பதிந்தார்கள். அந்தப் பதின்மூவாயிரம் பேரில் ஒருவர் குற்றம் செய்தால் யாரைப் பிடிப்பது?

ஓர் அழைப்பு, பல வரிகள்

நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஓர் அழைப்பு எடுக்கிறீர்கள். உங்களுக்கு அது ஒன்று. வலையமைப்புக்கு அப்படியல்ல. உங்கள் பக்கத்து சுவிச் ஒரு பதிவை எழுதும். மறுபக்கத்து சுவிச் இன்னொன்றை எழுதும். நடுவில் வேறு கம்பனியின் வலையமைப்பைக் கடந்தால் அங்கும் ஒன்று. அவர் அழைப்பை வேறொரு இலக்கத்துக்குத் திருப்பி விட்டிருந்தால் அதற்கும் ஒன்று. நீண்ட நேரம் பேசினால், அழைப்பு முடியும்வரை காத்திராமல் இடையிடையே துண்டு துண்டாகவும் பதிவுகள் எழுதப்படும். இவை எல்லாம் ஒரே அழைப்பின் துண்டுகள் என்று பின்னர் எப்படித் தெரியும்? ஒவ்வொரு பதிவிலும் பொதுவான ஓர் அடையாளம் இருந்தால்தான் தெரியும்.

அந்த அடையாளத்தை மென்பொருள் எப்படி உருவாக்குகிறது என்பதற்கு, உலகெங்கும் சிறிய, நடுத்தர நிறுவனங்கள் பாவிக்கும் 'அஸ்ரெரிஸ்க்' என்ற திறந்தமூலத் தொலைபேசி மென்பொருளைப் பார்க்கலாம். அது ஒவ்வோர் இணைப்புக்கும் 1757415600.127 என்பது போன்ற ஓர் எண்ணைக் கொடுக்கும். புள்ளிக்கு முன்னால் இருப்பது 1970 ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து கடந்த விநாடிகளின் எண்ணிக்கை. மேலே உள்ள எண், 2025 செப்டெம்பர் 9ஆம் திகதி இலங்கை நேரம் மாலை 4.30ஐக் குறிக்கும். புள்ளிக்குப் பின்னால் இருப்பது, மென்பொருள் இயங்கத் தொடங்கியதிலிருந்து ஏறிக்கொண்டு போகும் ஒரு தொடர் எண்.

எளிமையான ஏற்பாடு. உள்ளூர்க் கடிகாரத்தை நம்பாததால் "பழைய நேரம், புது நேரம்" என்ற சிக்கலும் இல்லை. ஆனால் ஓட்டைகள் உண்டு. மென்பொருளை நிறுத்தித் திரும்பத் தொடக்கினால் தொடர் எண் மறுபடியும் பூச்சியத்திலிருந்து வரும். அப்போதும் விநாடி முன்னேறியிருக்கும் என்பதால் பெரும்பாலும் பிரச்சினை வராது. பெரும்பாலும்தான். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் போன நாட்களை நினைத்துப் பாருங்கள். உள்ளே கடிகார பற்றரி இல்லாத, அல்லது அது செத்துப்போன ஒரு சிறிய கருவியில் இந்த மென்பொருள் ஓடுகிறது என்று வைப்போம். மின்சாரம் வரும்போதெல்லாம் அந்தக் கருவியின் கடிகாரம் ஒரே பழைய திகதியில் விழித்துக்கொள்ளும்; இணையத்திலிருந்து சரியான நேரத்தைப் பெறும்வரை அதே பழைய விநாடிகளும் அதே பூச்சியமும் திரும்பத் திரும்ப வரும். திங்கட்கிழமை வந்த முதல் அழைப்பும் வியாழக்கிழமை வந்த முதல் அழைப்பும் ஒரே அடையாளத்தைப் பெற்றுவிடலாம்.

இரண்டு சேவர்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் இன்னும் இலகுவாக மோதும். அதற்காகவே ஒவ்வொரு சேவருக்கும் ஒரு பெயரை வைத்து, அந்தப் பெயரை எண்ணுக்கு முன்னால் ஒட்டும் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. அந்த ஒரு வரியை நிரப்பாமல் விட்டால் மென்பொருள் குறை சொல்லாது. எல்லாம் ஒழுங்காக ஓடும். இரண்டு சேவர்களின் பதிவுகளையும் ஒரே தரவுத்தளத்தில் கொட்டும் நாளில்தான் குழப்பம் வரும். தரவுத்தளம் ஒரே அடையாளத்தோடு வரும் இரண்டாவது பதிவை நிராகரிக்கும், அல்லது முதலாவதன் மேல் எழுதிவிடும். எப்படியோ ஓர் அழைப்பு இல்லாமல் போகும்.

ஒருவருடைய தொலைபேசிக் கட்டணம் ஐந்து ரூபா குறைவதென்றால் யாருக்கும் நட்டமில்லை. அந்த அழைப்பு ஒரு கடத்தலுக்கு முன்னைய கடைசி அழைப்பாக இருந்தால்?

எண்ணே தராமல் விடுபவர்கள்

இதைவிட மோசமானது, அடையாளமே தராமல், "அழைத்த இலக்கம், அழைக்கப்பட்ட இலக்கம், நேரம், நீளம்" ஆகிய நான்கும் ஒன்றாக இருந்தால் ஒரே அழைப்பு என்று முடிவு செய்வது. பொலிஸாருக்கோ நீதிமன்றத்துக்கோ பதிவுகள் எக்செல் தாளாகக் கொடுக்கப்படும்போது, அதைப் பார்ப்பவர் செய்யக்கூடிய முதல் வேலை இரட்டை வரிகளை நீக்குவது. ஒரே விநாடியில் ஒரே இலக்கத்துக்கு இரண்டு குறுஞ்செய்திகள் போக முடியும். நீளமான குறுஞ்செய்தியே துண்டுகளாகப் பிரிந்துதான் போகிறது. நீக்கும் பொத்தானுக்கு அது தெரியாது. மறுவளமாக, இரண்டு சுவிச்சுக்களின் கடிகாரங்களில் மூன்று விநாடி வித்தியாசம் இருந்தால், ஒரே அழைப்பு இரண்டாகத் தாளில் நிற்கும். "சந்தேகநபர் 18 தடவை பேசியிருக்கிறார்" என்று மன்றில் சொல்லப்படுவது, உண்மையில் 9 அழைப்புக்களாக இருக்கலாம்.

இதெல்லாம் கற்பனைப் பயம் என்று நினைப்பவர்கள் டென்மார்க்கைப் பார்க்க வேண்டும். தொலைபேசிக் கம்பனிகளிடமிருந்து வரும் மூலத் தரவை வாசிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் பொலிஸாரின் மென்பொருள், சில பதிவுகளைத் தவறவிட்டுக்கொண்டிருந்தது 2019இல் தெரியவந்தது. தொலைபேசிகளைத் தவறான கோபுரங்களோடு தொடர்புபடுத்தும் பிழையும் சேர்ந்து வெளிப்பட்டது. 2012 முதலான சுமார் 10,700 வழக்குகளை மீளப் பார்க்க வேண்டியதாயிற்று. தொலைபேசித் தரவை நீதிமன்றங்களில் ஆதாரமாகக் கொண்டுவருவது இரண்டு மாதங்களுக்கு நிறுத்தப்பட்டது. விளக்கமறியலில் இருந்த 32 பேர் விடுவிக்கப்பட்டார்கள். ஊழல் குறைந்த, ஆவணம் ஒழுங்காக வைத்திருக்கிற ஒரு நாட்டில், யாரும் வேண்டுமென்று செய்யாத ஒரு பிழையால் நடந்தது இது.

மறுபக்கத்தில் லெபனான் இருக்கிறது. முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி 2005 பெப்ரவரி 14ஆம் திகதி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட வழக்கு, ஏறக்குறைய முழுவதும் தொலைபேசிப் பதிவுகளிலேயே கட்டப்பட்டது. தங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்ட எட்டுத் தொலைபேசிகள். தாக்குதலுக்குச் சற்று முன்னர் எல்லாம் மௌனமாகின. பதிவுக் குவியலுக்குள் இந்த வலைப்பின்னலை முதலில் கண்டவர்களில் ஒருவரான பொலிஸ் அதிகாரி விஸாம் ஈத், 2008 ஜனவரியில் குண்டுவைத்துக் கொல்லப்பட்டார். 2020 ஓகஸ்ட் 18ஆம் திகதி சிறப்புத் தீர்ப்பாயம் சலீம் அய்யாஷைக் குற்றவாளியாகக் கண்டது. ஒரு வரி விடுபட்டால் முழுப் படமும் மாறிவிடும் என்பதால்தான், அங்கே பதிவுகள் எப்படி உருவாகின, எப்படிக் கைமாறின என்பதிலேயே மாதக்கணக்காக விவாதம் நடந்தது. எங்கள் நீதிமன்றங்களில் அந்தப் பொறுமையை நான் கண்டதில்லை.

தனித்துவம் மட்டும் போதாது

மோதலைத் தவிர்க்க மென்பொருள் உலகம் கண்ட வழி, 128 பிட் நீளமான ஓர் அடையாளம். 'யூயூஐடி' என்று சொல்வார்கள். அதன் ஒரு வகையில் 122 பிட்கள் வெறும் எழுமாற்று எண்கள். எழுதினால் 37 இலக்கங்கள் வரும் அளவுக்கு வாய்ப்புக்கள். இரண்டு சேவர்கள் ஒன்றையொன்று கேட்காமலே எண் வழங்கலாம், மோதாது. நேரத்தையும் எழுமாற்று எண்ணையும் சேர்த்து, கால ஒழுங்கில் அடுக்கக்கூடிய வகையொன்று 2024 மே மாதத்தில் வெளியான இணையத் தரநிலையில் சேர்க்கப்பட்டது. எழுமாற்று என்பதும் கவனமாகச் செய்யவேண்டிய வேலைதான். 2006இலிருந்து 2008 வரை டெபியன் இயங்குதளத்தில் ஒருவர் நீக்கிய ஓரிரு வரிகளால், பாதுகாப்புச் சாவிகள் ஒவ்வொரு வகையிலும் முப்பத்திரண்டாயிரம் சொச்ச வாய்ப்புக்களுக்குள் சுருங்கிப்போயின. இரண்டு வருடம் யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. எழுமாற்று எண், இரண்டு பதிவுகள் மோதாமல் காக்கும். ஒரு பதிவு எடுக்கப்பட்டால் அது காட்டிக்கொடுக்காது. பற்றுச்சீட்டுப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்களில் 41, 42, 44 என்று இருந்தால் 43 எங்கே என்று கணக்காய்வாளர் கேட்பார். சீட்டுக்களில் எழுமாற்று எண்கள் இருந்தால் கேட்பதற்கு எதுவுமில்லை. பொலிஸ் நிலையத்து முறைப்பாட்டுப் புத்தகத்தின் பக்கங்களுக்கு வரிசை இலக்கம் போடுவது அதனால்தான்.

ஆகவே, ஆதாரமாகப் பயன்படும் என்று எண்ணி உருவாக்கும் அழைப்புப் பதிவுக்கு இரண்டும் வேண்டும். மோதாத ஓர் அடையாளம், அழைப்பு தொடங்கிய அந்தக் கணத்திலேயே, முதலாவது சுவிச்சிலேயே வழங்கப்பட வேண்டும். பில் போடும் கட்டத்தில் அல்ல. அதோடு, ஒவ்வொரு சுவிச்சும் எழுதும் பதிவுகளுக்கு இடைவெளியில்லாத தொடர் எண்ணும் வேண்டும். தொலைபேசி வலையமைப்புக்களின் சர்வதேசத் தரநிலைகளில் இவை இரண்டுக்கும் இடம் இருக்கிறது. பிரச்சினை, நீதிமன்றத்துக்கு வரும் அச்சிட்ட தாளில் அந்த நிரல்கள் இருப்பதில்லை என்பதுதான். இலக்கம், நேரம், நீளம், கோபுரம் என்று சுருக்கிக் கொடுக்கும்போது, சரிபார்க்க உதவக்கூடிய இரண்டு நிரல்களும் முதலில் வெட்டப்படுகின்றன. டென்மார்க்கின் பிழையைக்கூட, தொடர் எண்ணை எண்ணிப் பார்த்திருந்தால் முன்னரே பிடித்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இலங்கையில் கணினிச் சான்றை ஏற்பதற்கு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டம் இருக்கிறது. கணினி சரியாக இயங்கியது என்று காட்டவேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. "சரியாக இயங்கியது" என்பதற்கு, கம்பனி உத்தியோகத்தர் ஒருவர் கையெழுத்து வைத்த கடிதம் போதுமா? ஒவ்வோர் அழைப்புக்குமான அடையாளம் எங்கே உருவாகிறது, சேவர் மாற்றிய காலத்தில் எண்கள் மோதினவா, இந்தத் தாளில் இருக்கும் வரிகளின் தொடர் எண்கள் எவை, இடையில் எத்தனை இல்லை, நேரம் எந்த வலயத்தில் எழுதப்பட்டது என்று குறுக்கு விசாரணையில் கேட்கலாம். பாதிக்கப்பட்டவர்கள் தரப்பு கேட்கவேண்டிய கேள்விகள் இவை. எதிர்த்தரப்பு கேட்பதற்கு முன்னர் கேட்டுச் சரிபார்த்து வைத்திருப்பது இன்னும் நல்லது. இல்லையென்றால் உண்மையான ஆதாரமே ஒரு நாள் "நம்பகமற்றது" என்று தூக்கி வீசப்படும்.

எங்கள் இலக்கங்கள்

வன்னியின் கடைசி மாதங்களுக்கு இந்த விவாதம் பெரிதாக உதவாது என்பதையும் சொல்லவேண்டும். அங்கே மக்களுக்குப் பெரும்பாலும் கைத்தொலைபேசி வலையமைப்பு இருக்கவில்லை. அங்கிருந்து கேட்ட குரல்கள் பலவும் செய்மதித் தொலைபேசிகள் ஊடாக வந்தவை; அந்தப் பதிவுகள் எங்கோ வெளிநாட்டில் உருவானவை. கொழும்பிலும் திருகோணமலையிலும் யாழ்ப்பாண நகரத்திலும் வெள்ளை வான்களில் ஏற்றப்பட்டவர்களுக்குத்தான் இந்தத் தரவு துணையாக இருக்கக்கூடும்.

ஆனால், அடையாள இலக்கத்தின் அருமை வன்னித் தாய்மாரைவிட யாருக்குத் தெரியும்? கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டம் முதல், எந்தக் கொட்டகைக்குப் போனாலும் பொலித்தீன் பையில் கட்டிய காகிதக் கட்டொன்று மடியில் இருக்கும். பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம், செஞ்சிலுவைச் சங்கத்தின் இலக்கம், ஜனாதிபதி ஆணைக்குழுவின் இலக்கம், பிறகு காணாமல் போனோர் அலுவலகத்தின் இலக்கம். ஒரு பிள்ளைக்கு ஐந்து இலக்கங்கள். ஒவ்வோர் அலுவலகமும் முன்னையவர் கொடுத்த இலக்கத்தைக் கேட்காமல் தன்னுடையதை வழங்கியது.

பிறகு அந்தப் பட்டியல்களை ஒன்றாக்கும்போது, "இரட்டைப் பதிவுகளை நீக்கினோம்" என்று சொல்லப்பட்டது. எதை வைத்து நீக்கினார்கள்? பெயர், கிராமம், திகதி. தமிழில் ஒரே பெயரை ஆங்கிலத்தில் கிராம அலுவலர் ஒரு விதமாகவும் பொலிஸ் இன்னொரு விதமாகவும் எழுதியிருப்பார்கள். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பதிலேயே இரண்டு ஆட்களாகிவிடலாம். அதேபோல, ஒரே கிராமத்தில் ஒரே நாளில் காணாமற்போன ஒரே பெயருள்ள இருவர் ஒருவராகிவிடலாம். அழைப்புப் பதிவில் நான்கு நிரல்களை வைத்துத் துப்புரவு செய்வதும் இதுவும் ஒரே வேலை.

செம்மணியில் 2025இல் சித்துப்பாத்தி மயானத்தில் அகழ்வு நடந்தபோது, ஒவ்வோர் எலும்புத் தொகுதிக்கும் ஓர் இலக்கம் இடப்பட்டது. நீல நிறப் புத்தகப் பையோடு கிடந்த குழந்தையை எஸ்-25 என்றுதான் நாங்கள் எல்லோரும் அறிந்தோம். அந்த இலக்கம் நீதிமன்ற அறிக்கையிலும் ஆய்வுகூடத்திலும் படத்திலும் பொதியிலும் மாறாமல் இருக்கவேண்டும். பிற்பாடு எந்தத் தாயின் மரபணுவோடு ஒப்பிடப்பட்டாலும் அந்த இலக்கத்தின் வழியேதான் திரும்பி வரவேண்டும்.

வவுனியாக் கொட்டகையில் ஒருமுறை ஓர் அம்மா தன் காகிதக் கட்டிலிருந்து ஒரு பழைய கலண்டர்த் தாளை எடுத்துக் காட்டினார். பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு தொலைபேசி இலக்கம். மகன் கடைசியாக எடுத்த இலக்கம் அது. "இதை எத்தினை இடத்தில குடுத்தனான் தம்பி. எல்லாரும் எழுதிக்கொண்டு போறாங்கள். பிறகு வந்து திரும்பவும் இலக்கம் என்னெண்டு கேக்கிறாங்கள்" என்றார். கடைசி எண் 3ஆ 8ஆ என்று எனக்கு வாசிக்கக் கடினமாக இருந்தது. அவர் தாளைப் பார்க்காமலே பத்து இலக்கங்களையும் சொன்னார்.